முகம் சிவந்தால் முதலில் எதை நிறுத்துவது?

மாணவர் பயிலரங்குகளில் தேர்வு, மேற்படிப்பு, கல்விக் கடனுதவி பற்றிய கேள்விகளெல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது, ஒருவர் இருவர் தனியாக வந்து தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. "முகம் திடீர்னு சிவந்து போச்சு சார். எரியுது. என்ன போடலாம்?" அண்மைக் காலமாக இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பாதிப்பேர் ஆண் பிள்ளைகள்.

நான் மருத்துவன் அல்லன். எதைப் போடலாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இந்தக் கேள்வியின் வரிசை மாறியிருக்கிறது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும். எதைப் போடுவது என்பதற்கு முன், எதை நிறுத்துவது என்று கேட்க வேண்டும்.

முகம் சிவந்தவுடன் நம் வீடுகளில் காரணங்கள் வரிசையாக வந்துவிடும். உடல் சூடு, நேற்றுச் சாப்பிட்ட இறால், தூக்கமின்மை, கண்ணேறு. பிறகு ஆளுக்கொரு வைத்தியம். பாட்டி மஞ்சள் என்பார். தோழி ஒரு சீரம் தருவாள். டிக்டாக் எலுமிச்சைச் சாற்றைப் பரிந்துரைக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போலவே கொப்புளம் வரலாம் என்பது அந்தக் காணொளியில் இருக்காது. ஒரு வாரத்தில் முகத்தில் ஐந்து புதிய பொருள்கள் ஏறிவிடுகின்றன. அதன் பிறகு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

சிவப்புக்குக் காரணங்கள் பல. ஆயினும் மாணவர்களிடையே நான் அதிகம் கேள்விப்படுபவை மூன்று.

முதலாவது, எரிச்சல். நம் தோலின் மேற்பரப்பு இயல்பாகவே இலேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. சாதாரணக் குளியல் சவர்க்காரத்தின் அளவு 9 அல்லது 10. அதைக்கொண்டு நாளுக்கு நான்கு முறை முகம் கழுவி, மேலே சாலிசிலிக் அமிலம், கிளைகோலிக் அமிலம், ரெட்டினால் என்று அடுக்கடுக்காகப் பூசினால் தோலின் காப்புச் சுவர் சிதைகிறது. அதன் பிறகு வெறும் தண்ணீர் பட்டாலும் எரியும். "எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின்" என்று சொல்லும் பலர் அப்படிப் பிறந்தவர்கள் அல்லர். அந்த நிலைக்கு வந்தவர்கள்.

இரண்டாவது, ஒவ்வாமை. இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனெனில் இது உடனே தெரியாது. பொருள் பட்டு ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே பெரும்பாலும் வெளிப்படும். இன்று காலை பூசியதை நாம் சந்தேகிப்போம். குற்றவாளி முந்தாநாள் வந்து போயிருக்கும். பல ஆண்டுகளாக ஒத்துக்கொண்ட பொருளும் ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முகத்தில் பூசாத பொருளும் காரணமாகலாம். நகப்பூச்சின் ஒவ்வாமை விரலில் தெரியாமல் கண்ணிமையில் தெரிவதுண்டு. தலைச்சாயம், ஷாம்பு, தலையணை உறை துவைத்த சவர்க்காரத்தூள், திருவிழாக் காலத்தில் விற்கும் கறுப்பு மருதாணி ஆகியவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதப்படுத்தும் பொருள் பலருக்கும் ஒவ்வாமை தந்ததால், கழுவாமல் முகத்திலேயே விடும் ஒப்பனைப் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை விதித்தது.

மூன்றாவதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. எனக்குத் தெரிந்த படிவம் ஐந்து மாணவி ஒருத்தி இணையத்தில் 25 ரிங்கிட்டுக்கு ஒரு கிரீம் வாங்கினாள். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. பிறகு, பூசாத நாள்களில் கன்னம் சிவந்து எரியத் தொடங்கியது, பூசினால் அடங்கியது. கிளினிக்கில் "என்ன பூசுகிறாய்?" என்று கேட்டபோது, "ஒன்றும் இல்லை" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. எரிச்சலை அடக்கும் பொருளை மருந்தாகவே நினைத்திருந்தாள், அவ்வளவுதான். இரண்டாவது முறை அவள் அம்மா அறையிலிருந்த எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்றபோதுதான், உட்பொருள் பட்டியலே இல்லாத அந்த டப்பாவை மருத்துவர் தனியே எடுத்து வைத்தார். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம் என்பது அவரது சந்தேகம்.

ஸ்டீராய்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழற்சியை அடக்கும். அதனால் முகம் உடனே தெளிவடையும். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் மட்டும் பூசினால் அது நல்ல மருந்து. வாரக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும். நிறுத்தியதும் குழாய்கள் விரிந்து முகம் நெருப்பாய்ச் சிவக்கும். பயந்து மறுபடியும் பூசுவோம். ஆறுதல் தருவதே காரணமாக இருக்கும்போது அதை யார் சந்தேகிப்பார்கள்?

நம் சுகாதார அமைச்சின் கீழுள்ள என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, இத்தகைய கிரீம்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. அவற்றில் கண்டுபிடிக்கப்படுபவை பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் போன்றவை. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் விற்கும் ஒப்பனைப் பொருளுக்கு என்.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். அந்த எண், நிறுவனம் தன் பொருளைப் பற்றி அதிகாரிகளிடம் அறிவித்துவிட்டது என்பதற்கான அடையாளம். விற்பனைக்கு முன் அதைச் சோதித்துச் சான்றளித்துவிட்டார்கள் என்று பொருளல்ல. எண்ணே இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்த பழுப்பாகவோ, வெறும் கருமையாகவோ தெரியும். பாடநூல் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலையே காட்டியதைக் கவனித்த மலோன் முக்வெண்டே என்ற இலண்டன் மருத்துவ மாணவர், தம் விரிவுரையாளர்களுடன் சேர்ந்து கருமை, பழுப்பு நிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்பதற்கு 2020இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். அப்போது அவரும் உங்களைப் போல் ஒரு மாணவர்தான். ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். சூடு, எரிச்சல், அரிப்பு, வீக்கம், சொரசொரப்பு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைத் தேடும் வழி நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்ததுதான். ஒரு பரிசோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தண்ணீர், வாசனையற்ற மிதமான ஈரப்பதக் கிரீம் ஒன்று, வெயிலுக்குத் தொப்பி அல்லது குடை போதும். கடந்த மூன்று வாரங்களில் முகம், தலை, கை பட்ட அனைத்தையும் எழுதுங்கள். தினமும் காலையில் ஒரே சன்னலருகே ஒரு படம் எடுங்கள். தோல் அடங்கிய பிறகு, ஒரு பொருளை மட்டும் முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இருமுறை வீதம் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால் முகத்தில். அடுத்த பொருள் அதன் பிறகே. பெயர் தெரியாத கிரீமை மட்டும் இப்படிச் சோதிக்காதீர்கள். அதை நிறுத்திவிட்டு டப்பாவோடு மருத்துவரிடம் செல்லுங்கள். நிறுத்தியதும் சிவப்பு கூடலாம் என்பதால், அந்த நாள்களில் மருத்துவரின் துணை தேவை.

சில நேரங்களில் பரிசோதனைக்கு இடமில்லை. உதடு, கண் வீங்கி மூச்சுத் திணறினால் உடனே 999. இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி போல் தடிப்பு வந்து, வெயிலில் அதிகமாகி, மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண் ஆகியவையும் சேர்ந்தால் அது லூபஸ் என்ற நோயாக இருக்கலாம். இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் அந்நோய் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. அதை எந்தக் கிரீமாலும் மறைத்துவிடக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அந்த மாணவிக்குக் கிரீமை விற்றவர் யாரென்று தெரியாது. ஆனால் அதை வாங்கும் ஆசையை அவளுக்குத் தந்தவர்களை நமக்குத் தெரியும். கல்யாண வீட்டில் "என்ன இப்படிக் கறுத்துட்டே?" என்று கேட்ட அத்தையும் மாமாவும் நாம்தான். அந்தக் கேள்வியை நாம் நிறுத்தினால் பல டப்பாக்கள் விலை போகாது.

மாணவர்களே, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். போகும்போது உங்கள் அலமாரியில் உள்ள எல்லா டப்பாக்களையும் எடுத்துச் செல்லுங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கியதை முதலில் எடுத்து வையுங்கள்.