வரைந்த படம் சொன்ன துக்கம்



பெரகலச் சந்தியில் வீதி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளைக்கு ஏறும். மற்றது கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும். அதற்கு அருகிலுள்ள தோட்டமொன்றில், தெரிந்த ஒருவரின் வீட்டில் அண்மையில் இரண்டு நாட்கள் தங்கினேன். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த மகள், ஜப்பானிய அனிமே கதையொன்றைத் தோழிகளுடன் மேடையேற்றப் போவதாகச் சொன்னாள். அனிமே என்றால் வரைந்த உருவங்கள் அசையும் படம்.

"கார்ட்டூன் நடிக்கவா ஒன்ன கம்பஸுக்கு அனுப்பினேன்?" என்று தாய் கோபித்தார். 1983 வன்செயலின் பின் வன்னியில் குடியேறிய தன் அக்காவை 2009 இல் யுத்தத்தில் இழந்தவர் அவர். அந்தப் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை.

மகள் கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினாள். பெயர் 'மின்மினிகளின் கல்லறை'. இசாவோ தகாஹாதா 1988 இல் இயக்கியது. 1945 இல் கோபே நகரில் குண்டுவீச்சுக்குத் தாயைப் பறிகொடுத்த 14 வயது அண்ணனும் 4 வயதுத் தங்கையும் பசியோடு போராடும் கதை. மூலக்கதையை எழுதிய அகியுகி நொசாகா, அதே ஆண்டில் தன் தங்கையைப் பசிக்குக் கொடுத்தவர். அவளைச் சரியாகக் கவனிக்கவில்லையே என்ற குற்றவுணர்வைச் சுமந்து, 1967 இல்தான் அதைக் கதையாக எழுதினார்.

பாதியில் தாய், "போதும், நிறுத்து" என்றார். அன்றிரவு அடுப்படியில் இருந்து, அக்காவைப் பற்றி முதன்முதலாக மகளிடம் பேசினார்.

துக்கத்தை மேடையில் சொல்வது நமக்குப் புதிதல்ல. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1985 இல் மேடையேற்றினார்கள். மக்கள் தங்கள் துயரத்தை அதில் கண்டார்கள். மலையகத்துக் காமன்கூத்திலும், மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும்போது, நாம் நம்முடைய இழப்பையும் சேர்த்துத்தானே அழுகிறோம்?

ஆனாலும் சகோதரிகளே, இப்படியான படத்தைத் தனியே இருந்து பார்க்காதீர்கள். தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பேச விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். நித்திரையின்றிப் பல நாட்கள் தவித்தால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை.

நான் புறப்படும்போது அந்தத் தாய் பழைய சேலையொன்றை விரித்து அளந்துகொண்டிருந்தார். "அந்தத் தங்கச்சிப் புள்ளைக்குச் சட்டை தைக்கணும்" என்றார்.