500 வெள்ளிக் கோடு: சிறு பார்சலுக்கும் வரி

ரிமோட் கார், டிரோன் உதிரிப்பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கேமரன் மலைத் தோட்டத்து இளைஞர்களுக்கு முன்பு 500 வெள்ளி வரை வரியில்லை. 2024 ஜனவரி 1 முதல் அதற்கும் 10 விழுக்காடு விற்பனை வரி. இணைய விற்பனையாளரே விலையோடு அதை வசூலித்துவிடுவார். 200 வெள்ளி மோட்டாருக்கு 20 வெள்ளி. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு அது சில்லறையல்ல.

ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்பவர்தான் பதிய வேண்டும் என்பதால், சிறு கடைகளில் இவ்வரி இருக்காது. பொருளின் விலை 500-ஐத் தாண்டினாலோ, அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்தே சுங்கத்துறை கணக்கிடும்.

வரி கட்டிய ரசீது கையில் இருக்கட்டும். ‘பார்சல் சுங்கத்தில் சிக்கியது, பணம் கட்டுங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தி இணைப்பைத் தட்டாதீர்கள். கூரியர் நிறுவனத்தையே அழைத்துக் கேளுங்கள்.