அம்மா உடுத்திய அலைமகள்



சென்ற வெள்ளிக்கிழமை பழைய சொக்கநாதர் கோயிலில் தரிசனம் முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். சிம்மக்கல்லில் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். சாமான்கள் அனைத்தும் வாசலுக்கு வந்துவிட்டன. எண்பது வயதைக் கடந்த அவ்வீட்டு அம்மையார் என்னைக் கைகாட்டி அழைத்தார். அவர் மடியில் ஒரு சுவாமி படம். அதன் கண்ணாடி குறுக்கே விரிசல் கண்டிருந்தது.

"தம்பி, பின்னமான படத்தை வீட்டில் வைக்கக் கூடாதாமே? வைகையில் விட்டுவிடலாம் என்கிறான் பேரன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். ரவிவர்மாவின் திருமகள். தாமரை மேல் நின்ற கோலம். அருகில் மாலை ஏந்திய யானை. ஆனால் அன்னை உடுத்தியிருந்தது அச்சில் வந்த புடைவை அன்று. உண்மையான அரக்குப் பட்டு. கரைக்கு ஜரிகை, கழுத்துக்குச் சிறு மணிகள், கிரீடத்துக்குச் சமிக்கி. கொசுவம் ஒவ்வொரு மடிப்பாக எடுத்து ஒட்டப்பட்டிருந்தது. என் கை ஒரு கணம் நடுங்கியது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ராஜா ரவிவர்மா (1848–1906) பம்பாயில் அச்சகம் தொடங்கியது 1894ஆம் ஆண்டில். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அது. அரண்மனைச் சுவர்களில் இருந்த ஓவியங்களின் சாயல் சாதாரணக் குடும்பங்களின் பூஜை அறைக்கும் வந்து சேர்ந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே லக்ஷ்மி, ஒரே சரஸ்வதி.

அந்த ஒரே படத்தைத் தத்தம் வீட்டுக்கே உரியதாக்கியவர்கள் நம் இல்லத்துப் பெண்மணிகள். செட்டிநாடு முதலிய தமிழகத்தின் பல பகுதிகளில், பழைய பட்டுத் துணியைப் படத்தின் அளவுக்கு வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டி, ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்து, தெய்வத்துக்கு உடை அணிவித்தார்கள். பலாப்பலகையின் மீது துணி ஒட்டி, சுண்ணப்பூச்சால் மேடாக்கி, தங்க ரேக்கும் கற்களும் பதிக்கும் தஞ்சாவூர் ஓவியங்களைக் கண்டு பழகிய கண்கள் அவை. வெறும் காகிதத்துத் தெய்வமும் அப்படி ஒளிர வேண்டும் என்று விரும்பியிருப்பார்கள் போலும். ஒரு வீட்டுப் படம் போல் மற்றொரு வீட்டுப் படம் இராது.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பாட்டி வாங்கி வந்த படம். அதற்கு உடை அணிவித்தவர் என் அம்மா. 1991இல் எனக்கு வெளியூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. லாரியில் இடம் போதவில்லை. பூச்சி அரித்த படம்தானே என்று பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டேன். புது ஊர் சேர்ந்ததும் அம்மா ஒரே ஒரு முறை கேட்டார்: "அந்த லக்ஷ்மி எங்கேடா?" புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றேன், வாங்கியும் மாட்டினேன். அம்மா அதற்கும் தினமும் குங்குமம் இட்டார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வங்கியில் நகைக்கடன் கொடுக்கும்போது கல்லின் எடையையும் அரக்கின் எடையையும் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே மதிப்புப் போடுவோம். தொழிலுக்கு அது சரி. அந்தக் கணக்கை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது என் பிழை. ஓய்வு பெற்ற பின் ஒரு நாள் காரைக்குடியின் பழம்பொருள் கடைத்தெருவில் நடந்தபோது, இதே போன்ற படம் ஒன்று விலைச்சீட்டுடன் தொங்கக் கண்டேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கடைக்காரர் சாக்கட்டியால் எழுதிய எண் மட்டுமே இருந்தது. எங்கள் படம் எங்களிடம் இருந்த காலத்தில் நான் ஒரு முறையும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

ஆகவே அன்று அம்மையாரின் படத்தைத் திருப்பினேன். பலகையில் பென்சிலால், மங்கிய எழுத்தில் ஒரு வரி: "பெரியவள் கூறைப்புடைவைத் துண்டு."

அம்மையார் வெகுநேரம் பேசவில்லை. அவருடைய தமக்கை தலைப்பிரசவத்தில் காலமானவர். அப்போது இவருக்கு நான்கு வயது. "அக்கா முகம்கூட எனக்கு நினைவில்லை தம்பி. இத்தனை வருஷம் இதற்கு எதிரில்தான் விளக்கேற்றியிருக்கிறேன்" என்றார்.

கண்ணாடியில் விரிசல் விழுந்தால் படம் பின்னமாகிவிடாது என்பது என் எண்ணம். ஐயம் இருப்பின் உங்கள் கோயில் குருக்களைக் கேளுங்கள். கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம். அவ்வாறு மாற்றும்போது, புதுக் கண்ணாடி துணியை அழுத்தாதவாறு ஓரங்களில் மெல்லிய மரச்சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். விளக்குப் புகை படாத, வெயிலும் ஈரமும் தாக்காத சுவரில் மாட்டுங்கள். ஆணியும் கண்ணாடியுமாக ஆற்றில் விடுவது வைகைத் தாய்க்கும் நல்லதன்று.

நம் ஊர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. சித்திரைத் திருவிழாவில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வருகிறது. ஆற்றுக்கு அக்கரையில், தல்லாகுளத்தில் அதை அணிந்துகொண்ட பின்னரே கள்ளழகர் வைகையில் எழுந்தருளுகிறார். புத்தம் புது மாலைகளுக்கு மதுரையில் என்ன குறை? ஒருத்தி தன் அன்பால் சூடிப் பார்த்தது என்பதாலேயே அந்த மாலைக்கு அவ்வளவு ஏற்றம்.

சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம் என்று நம் இல்லங்களில் விசேஷங்கள் வருகின்றன. வந்தவர்களுக்குக் கடையில் மொத்தமாக வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து அனுப்புகிறோம். அதனுடன், நெருங்கிய பேரன் பேத்திகளுக்காவது நம் கையால் ஒன்று செய்யலாம். பெட்டியில் கிழியத் தொடங்கிய பட்டுப்புடைவை இருக்கும். கொலுவில் வைக்கும் மரப்பாச்சிக்கு அதிலிருந்து ஒரு பாவாடை தைக்கலாம். கண் ஒத்துழைக்காதவர்கள் தைக்கும் பொறுப்பை மருமகளிடம் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்து கதை சொல்லலாம். எதைச் செய்தாலும் அதன் பின்னால் யாருடைய துணி, யார் செய்தது, எந்த ஆண்டு என்ற மூன்றையும் எழுதுங்கள். சொல்லாமல் விட்டால் அது நம்மோடு போய்விடும்.

படம் இப்போது சட்டம் போடும் கடையில் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தவன் அந்தப் பேரன்தான். புறப்படும் முன், "பாட்டி, பெரிய பாட்டியின் பெயர் என்ன? இதற்குக் கீழே எழுதிவிடுகிறேன்" என்று பேனாவை எடுத்தான். பேனா வேண்டாம், பென்சிலால் எழுது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கயற்கண்ணி அம்மை அனைவரையும் காப்பாளாக.