சூசு வெறும் மனுஷியாக இருந்திருந்தால்?

சீன மாயக் காதல் தொடர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் இலக்கிய நண்பர்கள் உடனே இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். பட்டாடை உடுத்திய பொம்மைகள் கயிற்றில் பறக்கும் வேடிக்கை, இதற்குப் போய் ஒரு பேச்சா என்பது முதல் கட்சி. மறுபிறவி, வினை, தவம், தியாகம் எல்லாம் இருப்பதால் இது நம் காலத்துக் காவியம் என்பது இரண்டாவது கட்சி. முன்னவர்கள் தொடரைப் பார்த்ததில்லை; பின்னவர்கள் காவியத்தைப் படித்ததில்லை என்பது என் எண்ணம். இருவரோடும் முரண்பட விரும்புகிறேன். அதற்கு ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்கிறேன்.

2017 ஜனவரி இறுதியில் சீனத் தொலைக்காட்சிகளில் தொடங்கி 58 பகுதிகளில் முடிந்த அத்தொடர் 'எடர்னல் லவ்' என்ற ஆங்கிலப் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. தாங் சி என்பவர் எழுதிய இணைய நாவலே மூலம். சீனத் தலைப்பை 'மூன்று பிறவி, மூன்று உலகம், பத்து லி பீச் மலர்கள்' என்று பெயர்க்கலாம். பத்து லி என்பது ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். எங்கள் மணலி புதுநகரிலிருந்து எந்தத் திசையில் ஐந்து கிலோமீட்டர் போனாலும் மலர்க்காடு கிடைக்காது. எண்ணெய்க் கலன்களும் கன்டெய்னர் லாரிகளும்தான் கிடைக்கும். அந்த ஊரில்தான், வேலை முடிந்து வந்து சமையலையும் முடித்துவிட்டு, கைபேசியில் இத்தொடரைத் துணைவரிகளோடு பார்க்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய ரசனையை ஏளனம் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை. அவர்களைக் கவர்வதற்கு இத்தொடரில் உண்மையாகவே சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, அது முடிகிறது. இத்தொடர் தொடங்கிய அதே மாதத்தில்தான் சன் தொலைக்காட்சியில் பாம்பும் பேயும் உலவிய 'நந்தினி' தொடங்கியது. அது 2018 இறுதிவரை ஓடியது. நம் நெடுந்தொடர்களில் கதை முடிவதில்லை, விளம்பரதாரர்கள் விலகும்போது நின்றுபோகிறது. 58 பகுதிகளில் முடிந்தே தீரும் கதை, பார்ப்பவரின் நேரத்துக்குச் செய்யும் மரியாதை.

இரண்டாவது, நாயகி. பாய் சியென் ஒன்பது வால் வெண்ணரிகளின் குலத்தில் பிறந்த தேவதை. அவளுக்கு வயது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அவளைக் காதலிக்கும் தேவலோக இளவரசன் யே ஹுவாவுக்கு ஐம்பதாயிரம். தன் நாட்டில் எல்லோராலும் 'கூகூ' என்று அழைக்கப்படுகிறாள். தந்தையின் உடன்பிறந்தவளைக் குறிக்கும் சொல். நம் மொழியில் அத்தை. ஓர் அத்தையைக் காதல் கதையின் நாயகியாக வைத்து, அவள் வயதைக் கேலிப்பொருளாக்காமல், அவளுக்காக அந்த இளவரசன் அடுப்பில் நின்று சமைப்பதையும் காட்டுகிறது தொடர். நம் திரைக்கதைகளில் இத்தகைய ஆணைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

மூன்றாவது, துயரத்தை அவசரமின்றிக் காட்டும் பொறுமை. மறைந்த குருவின் உடலைக் காக்க எழுபதாயிரம் ஆண்டுகள் தன் நெஞ்சின் இரத்தத்தைக் கொடுக்கிறாள் பாய் சியென். யாங் மி என்ற நடிகை, ஆண்வேடமிட்ட சீடன், ஏதுமறியா மலைப்பெண், களைத்துப்போன தேவதை என மூன்று ஆளுமைகளையும் கண்களாலேயே வேறுபடுத்துகிறார். கணினி வரைகலையின் சிறுபிள்ளைத்தனத்தை இதற்காகவே மன்னித்துவிடலாம்.

ஆனால், அந்தக் கண்களில்தான் என் சண்டையும் இருக்கிறது.

கதையின் மையம் இது. பாய் சியென் ஒரு போரில் ஆற்றலும் நினைவும் பூட்டப்பட்டு, மனித உருவில் ஒரு மலையில் வந்து விழுகிறாள். தான் யாரென்றே தெரியாத அவளுக்கு சூசு என்று பெயர் வைத்து யே ஹுவா மணக்கிறான். கருவுற்ற அவள் தேவலோகத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அங்கே சூ சின் என்ற அரண்மனைப் பெண் தன் கண்களை இழந்து, பழியைச் சூசுவின் மேல் போடுகிறாள். கண்ணுக்குக் கண் என்று தீர்ப்பாகிறது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை. தீர்ப்பை நிறைவேற்றி அவள் கண்களைப் பறிப்பவன் அவளுடைய கணவனே. பிள்ளையைப் பெற்றதும் சூசு, தேவர்களே தம் ஆற்றலை இழக்கும் ஒரு மேடையிலிருந்து குதிக்கிறாள். குதித்தவள் சாகவில்லை. பூட்டு உடைந்து பாய் சியென் ஆகிறாள். பட்ட அனைத்தும் உயர்ந்த தேவநிலைக்கு ஏறுவதற்கான சோதனை என்று விளக்கம் சொல்லப்படுகிறது. அவளும் மறதி மருந்தைக் குடித்துவிடுகிறாள். பல பகுதிகள் கழித்து நினைவு திரும்பியதும் நேரே சென்று தன் கண்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். பார்ப்பவர்கள் கைதட்டும் இடம் அது.

நான் கேட்பது ஒரே கேள்வி. சூசு உண்மையிலேயே வெறும் மனுஷியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஒன்றும் ஆகியிருக்காது. அவள் அந்த மேடைக்கடியில் இல்லாமல் போயிருப்பாள். கண்கள் சூ சின்னிடமே இருந்திருக்கும். யே ஹுவா இன்னும் சில நூறாண்டுகள் அழகாகச் சோகம் காத்திருப்பான். தேவலோகத்தின் தலைவன் என்றும்போல் கொலுவில் இருந்திருப்பான். கதை முடியும்போதும் அவன் அப்படித்தான் இருக்கிறான். சூசுவுக்கு நீதி கிடைத்தது அவளுக்கு அநீதி இழைக்கப்பட்டதால் அல்ல, அவள் பெரிய இடத்துப் பெண் என்று பின்னால் தெரியவந்ததால். தவறு கண்ணைப் பறித்தது அல்ல. ஆள்மாறாட்டம் தெரியாமல் பறித்ததுதான் என்றாகிறது. இத்தொடரின் ஆகப்பெரிய குறை இதுவே. வரைகலையோ நீளமோ அல்ல.

இங்கே சிலப்பதிகாரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கும் விசாரணையற்ற தீர்ப்பு, அங்கும் அரண்மனைச் சூழ்ச்சி, அங்கும் ஒரு பெண். ஆனால் திசை நேரெதிர். கண்ணகி வணிகர் குலத்துப் பெண்ணாகவே, யாரும் அறியாத வேற்றூராளாகவே பாண்டியன் அவைக்குள் நுழைகிறாள். அவளிடம் இருந்தது ஒற்றைச் சிலம்பு, அதற்குள் மாணிக்கப் பரல்கள் என்ற தடயம், அவ்வளவுதான். அந்தத் தடயத்துக்கு முன்னால் மன்னன் அரியணையிலேயே உயிர்விடுகிறான். அதற்குப் பிறகுதான் அவள் தெய்வம் ஆகிறாள். நீதி கேட்டதனால் ஒருத்தி தெய்வமானாள் என்பது இளங்கோவின் கதை. தெய்வமாக இருந்ததனால் ஒருத்திக்கு நீதி கிடைத்தது என்பது இந்தத் தொடரின் கதை. இரண்டையும் ஒன்றென்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

மதுராபதித் தெய்வம் வந்து கோவலனின் முற்பிறவிக் கதையைச் சொல்லவில்லையா, அதுவும் ஊழ்வினை விளக்கம்தானே என்று ஒரு நண்பர் வாதிடக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விளக்கம் எப்போது வருகிறது என்று பாருங்கள். வழக்கு முடிந்து, மன்னன் மாண்டு, மதுரை எரியத் தொடங்கிய பிறகு வருகிறது. ஊழ் கோவலனின் சாவுக்குக் காரணம் சொல்கிறது. பாண்டியனின் குற்றத்தை அது அழிப்பதில்லை. தொடரில் 'சோதனை' என்ற சொல் தீர்ப்புச் சொன்னவனையும் நிறைவேற்றியவனையும் ஒருசேரக் குளிப்பாட்டிவிடுகிறது.

இதைச் சீனர்களின் மனப்பாங்கு என்று சொல்வது அறியாமை. தேவலோகத்தை நிலத்துப் பேரரசைப்போலவே அமைச்சும் பதவியும் ஏடும் கொண்டதாகக் கற்பனை செய்த அதே மரபு, பதினாறாம் நூற்றாண்டிலேயே 'மேற்குப் பயணம்' நாவலில் ஒரு குரங்கை அனுப்பி அந்தத் தேவலோகத்தைத் தலைகீழாக்கிச் சிரித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் 'செம்மாடக் கனவு', முற்பிறவிக் கடனைக் கண்ணீரால் தீர்க்க மண்ணுக்கு வரும் காதலோடு தொடங்கி, ஒரு பிரபுக் குடும்பத்தின் சரிவைப் பணிப்பெண்கள் வரை இறங்கிச் சொன்னது. தொடர் அந்த மரபிலிருந்து ஆடையையும் மலரையும் எடுத்துக்கொண்டு, சிரிப்பையும் பணிப்பெண்களையும் விட்டுவிட்டது.

அதனால்தான் இத்தொடரில் மனித உலகம் வெறும் பயிற்சிக்கூடமாக இருக்கிறது. சீ மிங் என்ற தேவன் மனிதர்களின் விதியை ஏட்டில் எழுதுகிறான். தேவர்கள் கீழே இறங்கி ஒரு பிறவி அழுதுவிட்டுத் தேர்ச்சிபெற்றுத் திரும்புகிறார்கள். அவர்கள் திரும்பிய பிறகு அந்த ஊரில் மீந்திருப்பவர்கள் என்ன ஆனார்கள் என்று கேமரா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மணலி புதுநகரில் இருப்பவன் அங்கேதான் திரும்பிப் பார்ப்பான். மேலே பூண்டி ஏரியில் உபரிநீர் திறக்கப்படும்போது கொசஸ்தலையாறு பெருகி எங்கள் தெருக்களுக்குள் வருவதுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, அதைப் பாத்திரங்களால் மொண்டு அள்ளியவர்கள் மீனவர்கள். அவர்களில் எவரும் மாறுவேடத்தில் இருக்கும் இளவரசி அல்ல. பட்ட துன்பம் அவர்களை எந்த உயர்நிலைக்கும் ஏற்றவில்லை. துன்பத்தைத் தேர்வு என்று சொல்லும் கதை, தேர்வு எழுதாமலேயே துன்பப்படுகிறவர்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை.

மறுபிறவிக் காதலைக் கொண்டு வேறு எதையும் சொல்ல முடியாதா? சாத்தனார் சொன்னார். மணிமேகலை மணிபல்லவத் தீவில் தன் முற்பிறவியை அறிகிறாள். தன்னைத் துரத்தும் உதயகுமரனே அப்பிறவியில் தன் கணவன் இராகுலன் என்று தெரிகிறது. அவன் வெட்டுண்டு கிடக்கும்போது அழவும் செய்கிறாள். ஆனால் அந்த அறிவு அவளை மலர்வனத்துக்குக் கொண்டுபோகவில்லை. அமுதசுரபியைக் கையில் கொடுத்துப் பசித்தவர்களிடம் அனுப்புகிறது, சிறைச்சாலையை அறக்கோட்டமாக்கவைக்கிறது. பல பிறவிகளின் நினைவு ஒருத்தியின் மனத்தை விரித்தால் அங்கே இடம்பிடிக்க வேண்டியவர்கள் பிறர் என்பது சாத்தனாரின் தரிசனம். பாய் சியெனின் லட்சத்துச் சொச்சம் ஆண்டுகளில் அவள் மனத்துக்குள் நுழைந்தவர்கள் அவளுடைய குலத்தாரும் குருவும் காதலர்களும் மட்டுமே.

தொடரைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பாருங்கள், அழ வேண்டிய இடத்தில் அழுங்கள், யாங் மி அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் பாய் சியென் தன் கண்களைப் பிடுங்கி எடுக்கும் காட்சியில் கைதட்டும்முன், அந்த மேடைக்குக் கீழே ஒருமுறை எட்டிப் பாருங்கள். தேவதையாக மாறத் தெரியாத சூசுக்கள் அங்கேதான் கிடக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சிலம்புகூடக் கொடுக்காத கதையைக் காவியம் என்று மட்டும் அழைக்காதீர்கள்.