புது வண்டிக்குள் மழைத் தண்ணீர் வந்தால் ஸபூர் செய்து விட்டுவிடாதீர்கள்



மஹய்யாவ, அஸ்கிரிய, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துச் சகோதர சகோதரிகளுக்கு ஒரு பதிவு. கொஞ்சம் நீளம்தான். புதிதாக டபுள் கெப் எடுத்தவர்களும் எடுக்க நினைப்பவர்களும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அத்தனை வருடமும் பழைய லொறியோடும் வேனோடும் இழுபட்ட நம் வியாபாரிகள் பலர், கிடைத்த லீசிங்கைப் போட்டுப் புது வண்டி எடுத்தார்கள். மாஷா அல்லாஹ், நல்ல விடயம். ஆனால் அண்மைக்காலமாக ஒரே முறைப்பாடு நம் காதில் விழுகிறது. மழை பெய்தால் பின் கண்ணாடிப் பக்கத்தால் உள்ளே தண்ணீர் வருகிறதாம். அதைவிடக் கவலை, அதற்கு நம்மவர்கள் சொல்லும் பதில்: "என்ன செய்ய, ஸபூர் செய்வோம்."

இதில் நமது கருத்தை நேராகவே சொல்கிறோம். ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்து எடுத்த புது வண்டிக்குள் மழைத் தண்ணீர் வந்தால் அது குறைபாடு. அதை எழுத்தில் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும். பேசாமல் இருப்பது ஸபூர் ஆகாது.

நம் பகுதியில் ஒரு குடும்பம். நானாவும் தம்பியும் சேர்ந்து துணி வியாபாரம். மாத்தளை, தம்புள்ளைப் பக்கக் கடைகளுக்குப் போட்டு வருகிறார்கள். புது டபுள் கெப் வந்த முதல் மாதமே பின் சீட்டில் வைத்த துணிக்கட்டின் அடிப்பக்கம் நனைந்தது. விற்ற இடத்தில் போய்ச் சொன்னபோது, "கண்ணாடியைச் சரியாக மூடியிருக்க மாட்டீர்கள்" என்றார்கள். இரண்டாவது தடவை கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பு சிலிக்கன் பூசி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை கிடைத்த பதில், "இந்த வகை வண்டி எல்லாவற்றிலும் கொஞ்சம் இப்படித்தான்." அதோடு இவர்களும் ஒரு துவாயை மடித்துப் பின்னால் வைத்துக்கொண்டு ஓடினார்கள். ஒக்டோபர் மழை தொடங்கியதும் ஒரு முழுக் கட்டுத் துணி கறை பிடித்துப் போனது. வண்டிக்குள் பூஞ்சண வாடை. பின் சீட்டில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு இழுப்பு கூடியது.

பிறகு தேதிவாரியாகக் கடிதம் எழுதி, போட்டோக்களும் வைத்துக் கொடுத்தபோதுதான் ஒரு பொறுப்பான ஆள் வந்து முறையாகச் சோதித்தார். தண்ணீர் கண்ணாடியால் வரவே இல்லை. கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டின் சீல் சரியாக உட்காரவில்லை. அந்தச் சீலை மாற்றியதோடு ஒழுக்கு நின்றது. பழுதான துணிக்கு யாரும் ஒரு சதம்கூடத் தரவில்லை.

இது நம் ஊரில் மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. பிக்அப் வண்டிகள் பெருவாரியாக ஓடும் அமெரிக்காவில் ஃபோர்ட் எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ போன்றவற்றில் பின் கண்ணாடியைச் சுற்றியும் மேல் பிரேக் லைட் வழியாகவும் தண்ணீர் இறங்குவது வெகுகாலமாகப் பேசப்படும் விடயம். இதைத் திருத்தும் முறையைக் கம்பனிகளே தங்கள் சேவை நிலையங்களுக்கு எழுதி அனுப்பியிருக்கின்றன. அதாவது இது தெரிந்த குறைபாடு, திருத்தக்கூடிய குறைபாடு. "எல்லா வண்டியிலும் இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், "அப்படியென்றால் திருத்தும் முறையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

தண்ணீர் எப்படி வருகிறது என்பதையும் விளங்கிக்கொள்வது நல்லது. பின் கண்ணாடி திறக்க முடியாத வகை என்றால் அது பொலியுரேதேன் பசையால் உடம்போடு ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பசையில் ஒரு சிறு இடைவெளி விட்டிருந்தாலும் போதும். ஒடுங்கிய இடைவெளியில் நீர் தானாக ஊர்ந்து போகும் என்று விஞ்ஞானப் பாடத்தில் மயிர்த்துளைமை பற்றிப் படிப்பிக்கிறோமே, அதேதான். நகர்த்தித் திறக்கும் கண்ணாடி என்றால் கீழே ஒரு தவாளிப்பும் நீர் வெளியேறும் சிறு துளைகளும் இருக்கும். நம் பக்கத்தில் மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இலைச்சருகும் தூசியும் அந்தத் துளைகளை அடைத்துவிடும். அப்போது தண்ணீர் நிரம்பி உள்ளே வழியும். இவை தவிர மேல் பிரேக் லைட்டின் சீல், தகடுகள் சேரும் பொருத்துக்கள், கெபினின் பின் சுவரில் காற்று வெளியேற வைத்த வாய்கள் என்று வேறு வழிகளும் உண்டு.

உள்ளே வந்த தண்ணீர் அலங்காரப் பலகைக்குப் பின்னால் தகட்டோடு ஓடி வேறோர் இடத்தில் சொட்டும். ஆகவே ஈரம் தெரியும் இடத்தையே ஒழுகும் இடம் என்று முடிவு கட்டக் கூடாது.

மஹய்யாவயில் நமக்கு இன்னொரு விடயமும் இருக்கிறது. இங்கே சமதரையில் வண்டி நிறுத்தும் பாக்கியம் எத்தனை பேருக்கு? மேட்டைப் பார்த்து நிறுத்தினால் கூரைத் தண்ணீர் முழுவதும் பின் கண்ணாடிப் பக்கம் வரும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் அந்த இடம் காய்ந்தே இருக்கும். விற்பனை இடத்தின் சமதரையில் ஒழுகாத வண்டி உங்கள் வீட்டுச் சரிவில் ஒழுகலாம். சோதிக்கக் கொடுக்கும்போது வண்டியை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு பேர் போதும். பின் சீட்டின் முதுகைச் சாய்த்து, ஒருவர் டோர்ச்சோடு உள்ளே உட்காரட்டும். மற்றவர் தோட்டத்துக் குழாயால் மழை போல மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கண்ணாடியின் கீழ் ஓரம், பிறகு இரு பக்கம், பிறகு மேல் ஓரம், பிறகு பிரேக் லைட், கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் பொறுங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். சேவிஸ் நிலையத்தில் வண்டி கழுவும் அழுத்தக் குழாயைப் பாவிக்க வேண்டாம். நல்ல சீலுக்குள்ளும் அது தண்ணீரைத் தள்ளிவிடும், அதையே காரணமாகக் காட்டி உங்கள் முறைப்பாட்டைத் தள்ளிவிடவும் முடியும். முழுவதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

நம் கராஜ் பாஸ்மாரின் கைவேலையில் நமக்கு மரியாதை உண்டு. ஆனாலும் புது வண்டியில் தயவுசெய்து சிலிக்கன் பூச விடாதீர்கள். வெளியே பூசினால் வழி ஒரு பக்கம் மூடி இன்னொரு பக்கம் திறக்கும். வினாகிரி வாடை வரும் சிலிக்கன் வகை, வெறும் தகட்டில் பட்டால் துருவையும் கொண்டுவரும். சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பொலியுரேதேன் சரியாக ஒட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியாள் கை வைத்தார் என்று சொல்லி வொரண்டியை மறுக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். கெனோபியும் ரோல் பாரும் போடத் துளை போடுவதும் அப்படித்தான். முதலில் ஒரு மழைக்காலம் போகட்டும்.

ஈரத்தைத் துடைத்தால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். காப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு, தண்ணீரை நாட்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். வயர் இணைப்புகளும் அந்தப் பக்கத்தால்தான் போகின்றன. காப்பெட்டைத் தூக்கிக் காயவைக்காவிட்டால் துரு அடியிலிருந்து வரும்.

இனி சட்டம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன குடும்பம் கடிதம் எழுதும்போது நாலு மாதம் கடந்திருந்தது. வொரண்டி இருந்தபடியால் வேலை நடந்தது, ஆனால் அந்தக் கதவு அவர்களுக்கு மூடிவிட்டது. "இன்னும் இரண்டு கிழமை பாருங்கள்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லப்படும்போது இந்த மூன்று மாதம்தான் கரைகிறது. அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. சிங்களமோ ஆங்கிலமோ எழுத வராது என்று யாரும் பின்வாங்க வேண்டாம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982 இலேயே, திரும்பத் திரும்பத் திருத்தியும் சரிவராத புது வண்டிக்காகத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டில் வாகனத்துக்கென்று அப்படியொரு சட்டம் கிடையாது. இருக்கும் சட்டத்தையும் நாம் பாவிக்காவிட்டால் புதிதாக ஒன்று வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

சிலர் கேட்கலாம். 2025 நவம்பரில் டித்வா புயலில் இந்தக் கண்டி மாவட்டத்தில் வீடும் உயிரும் போனவர்கள் இருக்கும்போது, டபுள் கெப்பில் நாலு சொட்டுத் தண்ணீர் ஒரு பேச்சா என்று. நியாயமான கேள்வி. அந்தத் துன்பத்தோடு இதை யாரும் ஒப்பிடவில்லை. ஆனால் இந்த வண்டிகளில் பல வசதிக்காக வாங்கியவை அல்ல, தொழிலுக்காக வாங்கியவை. உம்மாவின் நகையும் வாப்பாவின் சேமிப்பும் முற்பணமாகப் போயிருக்கின்றன. வண்டி ஒழுகினாலும் லீசிங் தவணை மாதாமாதம் போகத்தான் வேண்டும். கோடி ரூபாய் வண்டிக்கே நாம் வாய் திறக்கவில்லை என்றால், பழுதான தண்ணீர் மோட்டாரையும் காலாவதியான பால்மாவையும் வாங்கி வந்த ஏழைச் சகோதரி எந்தத் தைரியத்தில் கடைக்குத் திரும்பிப் போவாள்?

கடைசியாக, விற்பவர்களாகவும் இருக்கும் நமக்கு. ஒழுகும் வண்டியைக் கழுவி, வாசனை அடித்து, வெயில் காலம் பார்த்து விற்றுவிடும் பழக்கம் நமக்குள்ளும் இருக்கிறது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. சனங்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மோடு சேர்ந்தவரல்ல என்று எச்சரித்தார்கள். மழை நனைத்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல, மறைத்ததுதான் குற்றம். குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதும் நம் பிக்ஹில் தெளிவாக இருக்கிறது. கம்பனியிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை நம்மிடம் வாங்குபவரும் எதிர்பார்ப்பார்.

ஆகவே மூன்று வேண்டுகோள். புது வண்டியைக் கையேற்கும் முன் அங்கேயே தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒழுகினால் முதல் நாளே தேதி போட்டு எழுதிக் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். விற்கும்போது இருந்த குறையையும் செய்த திருத்தத்தையும் சொல்லி விற்றுவிடுங்கள்.

கடிதம் எழுதச் சிரமம் என்றால் சொல்லுங்கள். அஸருக்குப் பிறகு நம்மில் சில ஆசிரியர்கள் இருக்கிறோம், மூன்று மொழியிலும் எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். வண்டிப் பத்திரமும் போட்டோவும் கொண்டுவந்தால் போதும், காசு தேவையில்லை. புது வண்டி எடுத்த யாரையாவது தெரிந்தால் மூன்று மாதம் முடியும் முன் இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.