வலியறிந்த பின்பே காலம்

இலக்கியம் பேசும் இடத்தில் கணக்காளர் தேர்வைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் வியக்கக்கூடும். இளநிலை வணிகவியல் மாணவர்க்குப் பகுதி 1 தமிழ் நடத்துவோர்க்கு அந்த வியப்பு வராது. கணக்குப் பாடம் எடுப்பவரிடம் கேட்கக் கூசும் கேள்விகளை மாணவர்கள் தமிழாசிரியரிடம் கேட்பதுண்டு. நாம் மதிப்பெண் குறைக்கவோ கூட்டவோ போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் நம்மிடம் வரும் அத்தகைய கேள்விகளுள் ஒன்று இது: “சி.ஏ. இன்டரில் ஒரு குரூப் போய்விட்டது ஐயா. அடுத்த தடவையே எழுதிவிடட்டுமா, ஒரு தடவை விட்டுவிட்டு எழுதட்டுமா?”

இக்கேள்விக்கு ஊர் இரண்டு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கிறது. ‘சூடு ஆறுவதற்குள் எழுதிவிடு’ என்பது ஒன்று. ‘அவசரப்படாதே, நன்றாகப் படித்துவிட்டு எழுது’ என்பது மற்றொன்று. இரண்டுமே அக்கறையில் பிறந்தவை. ஆனால் இரண்டுமே மாணவரின் மதிப்பெண் பட்டியலைப் பாராமல் சொல்லப்படுபவை. நம் வருத்தம் அதுதான்.

திருக்குறளின் பொருட்பாலில், பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில், மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 48ஆம் அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். அரசனுக்குச் சொன்னவை அவை. என்றாலும் வரிசை நமக்கும் பயன்படும். வலியை அளந்தபின் காலம், காலத்தை அறிந்தபின் இடம். நம் வீடுகளில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது. எப்போது என்பதில் தொடங்கி, எவ்வளவு என்பதைக் கேளாமலே பேச்சு முடிந்துவிடுகிறது.

தேர்வின் அமைப்பை அறியாத வாசகர்க்காகச் சில செய்திகள். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அடிப்படை, இடைநிலை, இறுதி என மூன்று நிலைத் தேர்வுகளை அது நடத்துகிறது. 2024 மே முதல் நடைமுறைக்கு வந்த திட்டத்தில் இடைநிலைக்கு இரண்டு தொகுதிகள், தொகுதிக்கு மூன்று தாள்கள், தாளுக்கு 100 மதிப்பெண்கள். ஒவ்வொரு தாளிலும் 40 பெற வேண்டும். மூன்றையும் சேர்த்து 150 பெற வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் தொகுதி முழுவதும் தோல்வியே. ஆனால் தோற்ற தொகுதியில் ஏதேனும் ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் பெற்றிருந்தால், உடனடுத்து வரும் மூன்று தேர்வுகளுக்கு அத்தாளை எழுத வேண்டியதில்லை. மாணவர் இதை ‘எக்ஸெம்ப்ஷன்’ என்பர். நாம் விலக்கு என்போம்.

இனி மூன்று மாணவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் 72, 68, 22 பெற்றிருக்கிறார். கூட்டுத்தொகை 162. கூட்டில் குறைவில்லை; ஒரு தாள் மட்டும் கவிழ்த்துவிட்டது. இரண்டு தாள்களுக்கு விலக்கு இருப்பதால், அடுத்த முறை அந்த ஒரு தாளில் 40 எடுத்தால் தொகுதி முடிந்தது. இரண்டாமவர் 62, 44, 41. எந்தத் தாளிலும் தோல்வி இல்லை, கூட்டுத்தொகை 147. மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. முதல் தாளுக்கு விலக்கு உண்டு. எஞ்சிய இரண்டில் சேர்த்து 88 எடுத்தால் போதும். மூன்றாமவர் 48, 47, 34. கூட்டுத்தொகை 129. விலக்கு எதுவும் இல்லை. மூன்று தாள்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். இருபத்தொரு மதிப்பெண் புதிதாகத் தேட வேண்டும்.

மூவருக்கும் ஊர் வைத்த பெயர் ஒன்றே: ‘ஃபெயில்’. மூவருக்கும் ஊர் சொல்லும் அறிவுரையும் ஒன்றே. ஆனால் முதல் இருவரும் காத்திருந்தால் இழப்பர். மூன்றாமவர் பாய்ந்தால் இழப்பார்.

ஏன் இழப்பர் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முன்பு இத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும் நடந்தது. இடைநிலைக்கு 2024 முதலும், இறுதித் தேர்வுக்கு 2025 முதலும், ஜனவரி, மே, செப்டம்பர் என ஆண்டுக்கு மும்முறை என்றாக்கினர். மாணவர்க்கு இது நன்மை என்றே கொண்டாடினோம். நன்மைதான். ஆனால் அதன் மறுபக்கத்தைப் பலர் கவனிக்கவில்லை. விலக்கு ‘அடுத்த மூன்று தேர்வுகளுக்கு’ என்பது மாறவில்லை. இருமுறைத் தேர்வுக் காலத்தில் மூன்று தேர்வு என்றால் ஒன்றரை ஆண்டு. மும்முறைக் காலத்தில் ஓராண்டு. எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்தக் கணக்கு ஓடும். ‘நன்றாகப் படித்துவிட்டு எழுதுகிறேன்’ என்று ஒரு தேர்வை விட்டவர், தம் விலக்கின் மூன்றில் ஒரு பங்கைப் படிக்காமலே செலவழித்துவிட்டார். புதிய திட்டத்தில் விலக்கை நிரந்தரமாக்கிக்கொள்ளவும் வழி உண்டு. அதற்கும் விலை இருக்கிறது: எஞ்சிய ஒவ்வொரு தாளிலும் 40 போதாது, 50 வேண்டும்.

காத்திருப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. முன்பு இடைநிலையின் ஒரு தொகுதியில் தேறினாலே ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் செய்முறைப் பயிற்சியில் சேரலாம். இப்போதைய திட்டத்தில் இரண்டு தொகுதியும் தேறிய பின்னரே ஈராண்டுப் பயிற்சி தொடங்கும். ஆகவே நின்றுபோன ஒரு தொகுதி, மாதந்தோறும் வரவேண்டிய உதவித்தொகையையும் நிறுத்திவைக்கிறது. வீட்டின் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகளுக்கு இது சிறிய தொகையன்று.

அப்படியானால் உடனே எழுதிவிடுவதே மேல் அல்லவா? அங்கேதான் அந்த மூன்றாமவர் நிற்கிறார். 2025 மே மாதத் தேர்வின் முடிவு ஜூலை 6 அன்று வந்தது. அடுத்த தேர்வு செப்டம்பர் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. இடையில் இரண்டே மாதம். விண்ணப்பிக்கும் காலமோ முடிவு வந்த இரண்டு வாரத்திற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். அழுகை அடங்கு முன்பே முடிவெடுக்க வேண்டிய நிலை. 48, 47, 34 என்று பெற்றவருக்கு எந்தத் தாளிலும் அடித்தளம் உறுதியாக இல்லை. மூன்று பெரிய தாள்களை அறுபது நாளில் மீண்டும் கட்டி எழுப்ப எல்லாராலும் இயலாது. வெட்கத்தைப் போக்கிக்கொள்ளவென்று எழுதப்படும் தேர்வு பெரும்பாலும் இன்னொரு வெட்கத்தையே கொண்டுவருகிறது.

அவர் முதலில் அறிய வேண்டியது, 34 எப்படி வந்தது என்பது. தெரியாமல் வந்த 34 வேறு; தெரிந்தும் நேரம் போதாமல் கடைசிக் கேள்வியை விட்டதால் வந்த 34 வேறு. பின்னதற்கு மருந்து புத்தகமன்று, கடிகாரத்தை வைத்துக்கொண்டு மாதிரித் தேர்வு எழுதுவது. கட்டணம் செலுத்தி விடைத்தாளின் நகலைப் பெறலாம். நிறுவனம் வெளியிடும் விடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நகல் கைக்கு வருமுன் விண்ணப்பக் காலம் முடிந்துவிடலாம். ஆயினும் அடுத்த ஆறு மாதப் படிப்புக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

தோற்ற தாள் எது என்பதும் முக்கியம். அடக்கவிலைக் கணக்கியல் ஓராண்டில் உருமாறிவிடாது. வரிச்சட்டம் அப்படியன்று. 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்தபோது, பழைய மறைமுக வரிகளைப் படித்துவைத்தவர்களின் உழைப்பில் பெரும்பகுதி வீணாயிற்று. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்தத் தேர்வுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொண்ட பிறகே, வரித்தாளைத் தள்ளிப்போடலாமா என்று எண்ண வேண்டும். காத்திருப்பவர் நின்ற இடத்தில் நிற்க, பாடம் நகர்ந்துவிடும்.

வலியும் காலமும் இவ்வாறிருக்க, இடத்துக்கு வருவோம். சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து கீழே வந்து நம்மிடம் படித்த மாணவி ஒருவரை நினைத்துக்கொள்கிறோம். செப்டம்பரில் எழுதிய முதல் தொகுதியின் முடிவு நவம்பரில் வந்தது. விலக்கு பெறும் அளவுக்கு எந்தத் தாளிலும் மதிப்பெண் இல்லை. அடுத்த தேர்வு ஜனவரியில். தந்தையார் ஜனவரியிலேயே எழுதிவிடச் சொன்னார். சேலத்தில் வீடுள்ள மாணவிக்கு அது தேர்வுக் காலம் மட்டுமே. ஏற்காட்டு மலையில் நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். வீட்டில் எல்லாரும் காலையில் தோட்டத்துக்குப் போனால், அடுப்பும் தம்பியும் இப்பெண்ணின் பொறுப்பு. தேர்வோ பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை. அதன்பின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு சேர்ந்து, அங்கிருந்து ஊருக்குப் போக வேண்டும். மே மாதத்தில் பறிப்பு இல்லை. ஆனால் கோடை விழாவுக்கு வரும் வண்டிகளால் மலைப்பாதை நெரியும்.

அவர் செய்ததைத்தான் சொல்ல விரும்புகிறோம். ஒரு தாளில் மூன்று வரி எழுதினார். எத்தனை மதிப்பெண் குறைவு, எத்தனை நாள் படிக்கக் கிடைக்கும், தேர்வு வாரத்தில் எங்கே தங்குவது. மூன்றுக்கும் விடை எழுதியபோது ஜனவரி தானாகவே அடிபட்டுப் போயிற்று. ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லாமல், ‘மே மாதம் எழுதுகிறேன், அந்த வாரம் சேலத்தில் சித்தி வீட்டில் தங்குகிறேன்’ என்று தந்தையாரிடம் சொன்னார். அவரும் ஒப்பினார். மே மாதத்தில் அத்தொகுதியில் தேறினார். தேறாமல் போயிருந்தாலும் அந்த முடிவு சரியான முடிவே. முடிவின் தரத்தை அது எடுக்கப்பட்ட முறையால் அளக்க வேண்டும்; பிறகு வந்த மதிப்பெண்ணால் அன்று.

காப்பிப் பழம் பறிப்பவர்க்கு இது புதிய செய்தியன்று. ஒரே கிளையில் சில பழுத்திருக்கும், சில பச்சையாக இருக்கும். அதனால் ஒரே செடிக்குப் பலமுறை போவார்கள். பச்சைக்காயைப் பறித்துக் கலந்தால் சரக்கின் விலை போகும். பழுத்ததை விட்டுவைத்தால் உதிர்ந்துபோகும். பழத்தைப் பார்க்காமல் நாளை மட்டும் பார்த்துப் பறிப்பவர் யாருமில்லை. நம் பிள்ளைகள் செய்தியில் மட்டும் நாளைப் பார்த்துப் பறிக்கச் சொல்கிறோம்.

அதற்குக் காரணம் இன்னொரு கணக்கு. ‘எத்தனையாவது அட்டெம்ப்ட்?’ என்பது இன்று ஊர்க் கேள்வியாகிவிட்டது. 2025 செப்டம்பரில் இடைநிலையின் இரண்டு தொகுதிகளையும் சேர்த்து எழுதியவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவரே இரண்டிலும் தேறினர். பத்தில் ஒன்பது பேருக்கு நேர்வதைக் குடும்பத்தின் தனி இழிவாகக் கருதுவது எப்படி நியாயம்? ஆண்டுக்கு இருமுறை இருந்தபோது ஊர் இரண்டு தோல்விகளை எண்ணியது. மும்முறை ஆனபின் மூன்றை எண்ணுகிறது. பெண் பிள்ளை என்றால் எண்ணிக்கை முடிவதற்குள் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் தொடங்கிவிடுகிறது. ‘இன்னும் ஒரே தடவை’ என்று வீட்டார் விதிக்கும் எல்லை, அந்த ஒரு தடவையைப் பதற்றத்தால் நிரப்பிவிடுகிறது.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் இந்தியாவின் முதல் பெண் கணக்காளர். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 1933இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ளத் தடை குறுக்கிட்டது. வழக்காடி அதை வென்று, 1937இல் தனியே தொழில் தொடங்கினார். பின்னாளில், 1955 முதல் 1958 வரை, கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். தேறியதற்கும் தொழில் தொடங்கியதற்கும் இடையில் நான்கு ஆண்டுகள். அவர் தாமதமாக வந்தார் என்று இன்று யாரும் சொல்வதில்லை.

காத்திருப்பது தவறன்று, உடனே எழுதுவதும் தவறன்று. மதிப்பெண்ணைப் பாராமல் உடனே எழுதுவதும், தேதி குறிக்காமல் காத்திருப்பதுமே தவறு. விலக்கு கையிலிருப்பவரும், ஒரு தாளிலோ சில மதிப்பெண்ணிலோ நின்றவரும் அடுத்த தேர்வையே எழுதட்டும். மூன்று தாளும் தளர்ந்தவர், படிக்க நாளும் இடமும் இல்லாதபோது, ஒரு தேர்வை விடட்டும். ஆனால் விடும்போதே எழுதப்போகும் மாதத்தைச் சொல்லி விடட்டும்.

பெற்றோருக்கும் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முடிவு வந்த அன்று ‘எப்போது எழுதப்போகிறாய்?’ என்று கேட்க வேண்டா. விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. மூன்று நாள் கழித்து, பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்து, ‘எதில், எவ்வளவு குறைந்தது?’ என்று கேட்டால் போதும்.