மூன்று குண்டு போதுமா?

நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான் என்று படித்து அசந்துபோனேன். சுடும்போது குழல் அதிரும், நம்ம லேத்தில் நீட்டிப் பிடித்த போரிங் பார் மாதிரி. குழல் முனையில் ஒரு எடையைத் திருகி முன்னும் பின்னும் நகர்த்தி, அந்த அதிர்வைச் சரிக்கட்டுவதே ‘பேரல் டியூனர்’. வேகம் குறைந்த குண்டு தாமதமாக வெளியேறும். அப்போது முனை சற்று மேல்நோக்கி இருந்தால், வேகமான குண்டு பட்ட இடத்திலேயே இதுவும் படும்.

கொஞ்சம் திருகி, மூணு குண்டு ஒட்டி விழுந்ததும் ‘செட்டிங் கிடைச்சாச்சு’ என்பது ஏமாற்று. திரும்பத் திரும்பச் சுட்டும் நிலைத்தால்தான் அது செட்டிங். நாம மட்டும் என்னவாம்? லேபில் ஒரு ரீடிங் எடுத்துட்டு, மீதியைக் கற்பனையில் எழுதுறோம்! கைநாட்டு வைக்கும் எங்கப்பா, “படிச்சவன் அளந்தா சரியா இருக்கும்” என்கிறார். அவரை ஏமாற்றலாமா?